வாசகர் கேள்வி – பதில்: பழைய கல்லறைகளைப் பழுதுபார்க்க

எங்கள் ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டம் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் சுத்தம் செய்யலாமா?
– வாசகர், தேவகோட்டை

தயவுசெய்து வேண்டாம். சாய்ந்த தலைக்கற்கள் பாதி மண்ணுக்குள் கிடக்கும். வண்டி ஏறினால் உடைந்துபோகும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பங்கோ (தேவாலய நிர்வாகம்) ஊராட்சியோ, உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு கல்லறைக்கும் எண் கொடுத்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, வரைபடத்தில் குறியுங்கள். அதுவரை ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள்.

சீமைக்கருவேலைத் தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெற்றிடத்தில் இருப்பதை மண்ணுக்குக் கீழே ஒரு முழம் வரை தோண்டி, வேர்க்கட்டையோடு எடுங்கள். கல்லறையை ஒட்டி இருப்பதை அப்படித் தோண்டக் கூடாது. ரம்பத்தால் அறுத்துவிட்டு, துளிர்க்கிற கொழுந்தை விடாமல் கிள்ளி வாருங்கள். கட்டுமானத்துக்குள் இறங்கிய அரச வேரைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். வெட்டிய முள்ளை அங்கேயே கொளுத்தாதீர்கள்; சூட்டில் கருங்கல் செதில் செதிலாக உரியும். பாம்பு இருக்கும் இடம், முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள்.

பூச்சு உதிர்கிறது, சிமெண்டு பூசலாமா? எழுத்து தெரியாத கல்லை ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா?
– வாசகி, காரைக்குடி

இரண்டும் கூடாது. நம் பக்கத்துப் பழைய கட்டுமானம் செங்கல்லும் செம்புறாங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது தரையின் ஈரத்தை இழுத்துப் பூச்சின் வழியாக வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே பூத்து, சில மழைக்காலத்தில் சிமெண்டு பாளம் பாளமாகப் பெயரும், செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு.

சுட்ட சுண்ணாம்புக்கல்லை நீரில் போட்டுத் தாளியுங்கள், அதாவது நீற்றுங்கள். கல்லின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி அணிவது கட்டாயம். சலித்து, நீர் மூடியபடி குறைந்தது ஒரு மாதம் ஊறட்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். இதில் சேர்க்கும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரின் அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். ஆகவே மறைவான மூலையில் ஒரு சதுர அடி பூசிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றாமல் பூசுங்கள். சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும், அதற்கும் ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மாவாக உதிரும். பத்து நாளாவது நனைந்த சாக்கு போர்த்துங்கள். செட்டிநாட்டு வீட்டுப் பூச்சில் கை பழகிய கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள்.

எழுத்துள்ள கல்லுக்குத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கீழிருந்து மேலாகக் கழுவினால் கறை வழியாது. பாசியை மூங்கில் சீவலால் எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். வாசிக்க முடியாத எழுத்து பெரும்பாலும் தேயவில்லை; ஆண்டுதோறும் அடித்த வெள்ளை பள்ளத்தை நிரப்பியிருக்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் பாதி எழுத்து தானாகத் தெரியும். கரியோ சாக்பீஸோ தேய்க்காதீர்கள்.

மண் அள்ளிய இடத்தில் பெரிய பானைகள், உள்ளே எலும்பு. எடுத்து வைக்கலாமா?
– வாசகர், திருமயம்

தொடாதீர்கள். முதுமக்கள் தாழியாக இருக்கலாம். கீழடி மக்களின் ஈமக்காடாகக் கருதப்படும் கொந்தகையில் கிடைத்தவையும் இத்தகைய தாழிகளே. எலும்பு எப்படிக் கிடந்தது, பக்கத்தில் என்ன கிண்ணம் இருந்தது என்பதே சான்று. வெளியே எடுத்தால் அது அழிந்துவிடும். மண் அள்ளுவதை நிறுத்தி, வட்டாட்சியருக்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கும் தெரிவியுங்கள். மழை வந்தால் தார்ப்பாய் போடுங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் எல்லாவற்றையும் முடிக்க ஆசை. முடியுமா?
– வாசகி, தேவகோட்டை

சுத்தம் மட்டும் முடியும். அப்போது வடகிழக்குப் பருவமழை. புதுச் சுண்ணாம்பு கரைந்து ஓடும். பூச்சு வேலையைத் தை பிறந்த பிறகு தொடங்குங்கள். மெழுகுவர்த்தியைக் கல்லின் மேல் வைக்காமல், தரையில் மணல் தட்டில் ஏற்றச் சொல்லுங்கள். உருகிய மெழுகு கல்லுக்குள் இறங்கினால் எடுப்பது பெரும்பாடு. பங்கின் அடக்கப் பதிவேட்டில் உள்ள பெயர்களை எழுதி வாசலருகே தனிக் கம்பத்தில் பலகை வையுங்கள். கல்லறையில் ஆணி அடிக்க வேண்டாம்.