பேத்தி பெயரில் நட்சத்திரம் வாங்கலாமா?

கேள்வி: வியாழன் போன்ற கோள் சுற்றும் ஒரு நட்சத்திரத்துக்கு என் பேத்தியின் பெயரை வைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் போனில் சொல்கிறார். இணையத்தில் பணம் கட்ட வேண்டுமாம். கூடவே 525 மடங்கு பெரிதாக்கும் டெலஸ்கோப். அதில் அந்தக் கோளே தெரியுமாம். கட்டலாமா? – ஒரு பாட்டி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கட்டாதீர்கள் அம்மா.

நட்சத்திரப் பெயர்களை அதிகாரபூர்வமாக ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயர் விற்பதில்லை, யாரையும் ஏஜென்டாக வைத்துக்கொள்வதும் இல்லை. அவர் தரும் தாளில் தங்க முத்திரை பளபளக்கும். ஆனால் அதே நட்சத்திரத்தை நாளைக்கே நம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இன்னொரு பாட்டிக்கும் விற்கலாம், கேட்பாரில்லை.

“நம் நாடே பெயர் வைத்திருக்கிறதே” என்பார். வைத்தது உண்மைதான், இவர்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான். 2019-இல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி நாட்டுக்கு ஒரு நட்சத்திரமும் அதன் கோளும் ஒதுக்கியது. தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தது வாஸ்ப்-62. சூரியன் மாதிரிதான், சற்றுக் கனம், சற்றுச் சூடு. அதன் கோள் வியாழனைவிடப் பருமன். எடையோ வியாழனில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மக்களிடம் பெயர் கேட்டார்கள்: நட்சத்திரம் நலேடி ஆனது, கோள் க்ரோடோவா. க்ரோடோவா 17-ஆம் நூற்றாண்டில் கேப்டவுன் பகுதியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த, பூர்வகுடியான கோயி இனப் பெண். உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க விதியே இடம் தரவில்லை. ஆக, உங்கள் பேத்திக்கு அந்த வழியும் கிடையாது. நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

டெலஸ்கோப்பில் கோள் தெரியும் என்பது சுத்தப் பொய். க்ரோடோவாவைக் கண்டுபிடித்த, சதர்லேண்ட் வானாய்வகத்தில் இருந்த கேமராக்கள்கூட அதை நேரில் பார்க்கவில்லை. 4.4 நாளுக்கொரு முறை கோள் குறுக்கே போகும்போது நட்சத்திர வெளிச்சம் சுமார் 1 விழுக்காடு குறைகிறது. பிடிபட்டது அந்தக் குறைவுதான். பெட்டியில் போட்டிருக்கும் 525-ஐ நம்பாதீர்கள். முன்பக்க லென்ஸின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 70 மி.மீ. என்றால் 140 மடங்கு, அதற்கு மேல் எல்லாம் கலங்கல். இருந்தாலும் 40 மடங்கிலேயே நம் வியாழனும் அதன் நாலு பெரிய நிலாக்களும் அழகாகத் தெரியும். பேத்தி கொஞ்சம் வளர்ந்ததும் அதைக் காட்டுங்கள்.

அப்புறம் பணம். இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்கிறது 2002 மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம். டெலஸ்கோப்புக்குச் சரி. சான்றிதழுக்கு? ஒருவருக்கென்றே பெயர் போட்டுச் செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாதாம்! ஏமாற்றுகிறவனுக்குச் சட்டமே பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது. புகார் என்று போனால் படிவத்துக்கு மேல் படிவம் நீட்டுவார்கள். அந்த ஆள் எடுத்ததும் பேத்தியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பார். சொல்லாமல் போனை வைத்துவிடுங்கள்.