ஆளுக்கொரு உண்மையா? – கேள்வி பதில்

நாகர்கோவில் வாசகர் கூட்டத்தில் மெய்யியலாளர் பால் போகோசியன் பற்றிப் பேசியபின் வந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (குழித்துறை, கல்லூரி மாணவி): சார், நான் அன்று வரவில்லை. இவர் யார், என்னதான் சொல்கிறார்?

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். 2006இல் 'ஃபியர் ஆஃப் நாலெட்ஜ்' என்ற சிறிய நூலை எழுதினார். உலகை அறிய ஒன்றுக்கொன்று முரணான பல வழிகள் உண்டு, அறிவியல் அவற்றில் ஒன்று மட்டுமே, எல்லாம் சமமாகச் செல்லும் என்ற கருத்தை எதிர்க்கும் நூல் அது. அந்தக் கருத்தைத்தான் சார்புவாதம் என்கிறோம். உண்மைகளை நாமே உருவாக்குகிறோமா, ஒரு நம்பிக்கைக்கான நியாயம் ஊருக்கு ஊர் மாறுமா என்ற இரண்டு கேள்விகளும்தான் நூலின் பெரும்பகுதி.

கேள்வி (குளச்சல்): அண்ணே, எங்க பாட்டா மலை முகட்டையும் குருசடியையும் (சிலுவை வச்ச சின்னக் கோயில்) வச்சு கணியம் பார்த்து, நடுக்கடல்ல பார், அதான் கடலடிப் பாறை, எங்க கிடக்குன்னு சொல்லுவாரு. அறிவியல்தான் அறிவுன்னா அவருக்குத் தெரிஞ்சது என்ன, மூடநம்பிக்கையா? உங்க ஆளு நம்மளை மட்டம் தட்டுறாரோன்னு தோணுது.

தம்பி, பாட்டா சொன்ன இடத்தில் தூண்டில் போட்டால் மீன் படுகிறது. அங்கே பார் இருக்கிறது என்பதுதானே காரணம்? கரையில் தெரியும் அடையாளங்களை இரண்டிரண்டாக நேர்கோட்டில் பிடித்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தைக் கடலில் குறிக்கும் அந்தக் கணியம் சுத்தமான வடிவியல். ஜி.பி.எஸ். கருவியோடு போய்ப் பார்த்தாலும் பார் அதே இடத்தில்தான் கிடக்கும். 'பாட்டாவின் பண்பாட்டுப்படி அங்கே பார் உண்டு' என்று நாம் சொல்வதில்லை. அங்கே பார் உண்டு, அவ்வளவுதான். அறிவியல் கூடத்தில் பிறந்தால்தான் அறிவு என்று போகோசியன் எங்கும் சொல்லவில்லை. சான்று இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்.

நூல் தொடங்குவதே இதுபோன்ற ஒரு சிக்கலில்தான். அமெரிக்கப் பழங்குடிகளின் மூதாதையர் ஆசியாவிலிருந்து, அதற்கும் அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணை வழியாக வந்தார்கள் என்கிறது தொல்லியல். பூமிக்கடியிலிருந்து மேலே வந்தவர்கள் என்கின்றன சில பழங்குடிகளின் மரபுக் கதைகள். அந்தப் பழங்குடிகளில் ஒன்றான சூனி மக்களோடு பணிபுரிந்த தொல்லியலாளர் ஒருவர், இரண்டுமே சம அளவில் செல்லும் என்று சொன்னதாக 1996இல் ஒரு நாளிதழில் செய்தி வந்தது. ஒரே மக்கள் ஆசியாவிலிருந்து வந்ததும் வராததும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாதே என்கிறார் போகோசியன். அந்தக் கதைக்கு வேறு மதிப்புகள் இருக்கலாம், அது வேறு பேச்சு.

நீங்கள் கேட்டதற்குள் இன்னொன்று இருக்கிறது. சார்புவாதம் எளியவர் பக்கம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2017 ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுத் தரப்பு சொன்ன எண்ணும் கரையூர்கள் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. அப்போது நம் ஆட்கள் பங்கு வாரியாக, அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர் வாரியாக, பெயர் எழுதிக் கொடுத்தார்கள். யாராவது 'எங்கள் கண்ணோட்டத்தில் இத்தனை பேர்' என்றார்களா? இத்தனை பேர், இன்னின்னார் என்றுதானே சொன்னார்கள்? எல்லா எண்ணும் அவரவர்க்குச் சரி என்றால், பட்டியலோடு போனவரை 'உங்களுக்கு அது, எங்களுக்கு இது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். அதிகாரம் கையில் இருப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கேள்வி (தக்கலை): 'எல்லாம் சார்பு' என்பதும் சார்புதானே? ஒரே வரியில் முடிந்துவிடாதா?

முடியாது. மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற பழைய கிரேக்க மெய்யியலாளர் புரோட்டகோரஸுக்கு எதிராக பிளேட்டோ ஏறக்குறைய இதையே சொன்னார். 'ஆமாம், என் கூற்றும் எனக்கு மட்டும்தான்' என்று சார்புவாதி தப்பித்துக்கொள்வார். போகோசியன் இன்னும் நெருக்கிப் பிடிக்கிறார். 'டைனோசர்கள் இருந்தன' என்று சும்மா சொல்லக் கூடாது, 'நாம் ஏற்ற கொள்கைப்படி டைனோசர்கள் இருந்தன' என்றே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சரி, நாம் அந்தக் கொள்கையை ஏற்றிருக்கிறோம் என்பது நேரான உண்மையா? ஆம் என்றால் எதையும் சாராத உண்மை ஒன்று கிடைத்துவிட்டது. இல்லை என்றால் அதற்கும் முன்னால் ஒரு 'நம் கொள்கைப்படி' போட வேண்டும், அதற்கும் முன்னால் இன்னொன்று. முடிவில்லாத ஒரு வாக்கியத்தை யார் சொல்வது, யார் நம்புவது? நூலிலேயே எனக்குப் பிடித்த இடம் இது.

கேள்வி: ஐன்ஸ்டீனே எல்லாம் சார்பு என்று நிரூபித்துவிட்டாரே?

இல்லை. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பது பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்தது என்றார். அதே 1905 கட்டுரையில், வெற்றிடத்தில் ஒளியின் வேகம் சீராக இயங்கும் எல்லாருக்கும் ஒன்றே என்றும் சொன்னார்.

கேள்வி (மார்த்தாண்டம்): எங்கள் பக்கத்துச் சிதறால் மலையில் இருந்த சமணர்கள் அநேகாந்தம், அதாவது எந்தப் பொருளுக்கும் பல தன்மைகள் உண்டு என்ற கொள்கை, சொன்னவர்கள். அவர்கள் சார்புவாதிகள்தானே, ஐயா?

அருமையான கேள்வி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து, அதாவது 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கும் மலை அது. பாறையில் தீர்த்தங்கரர் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அநேகாந்தம் சார்புவாதம் இல்லை. குடம் மண் என்ற வகையில் நிலைப்பது, குடம் என்ற வகையில் அழிவது. இரண்டும் குடத்தின் தன்மைகள், பார்ப்பவரின் விருப்பம் அல்ல. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதுவே முழுதும் என்பவர் தவறு செய்கிறார் என்று சமணத் தருக்கவாதிகள் அடித்து வாதிட்டார்கள். முழுதும் அறியும் கேவல ஞானமும் அவர்களிடம் உண்டு. ஆளுக்கொரு உண்மை என்பவருக்கு அப்படியொரு ஞானம் எதற்கு?

கேள்வி (நாகர்கோவில், வழக்கறிஞர்): போகோசியன் தோற்கும் இடமே இல்லையா?

உண்டு. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கலிலியோவுக்கும், வேதாகமத்தைச் சான்றாக வைத்த கர்தினால் பெல்லார்மினுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல எந்த அளவுகோல்? கலிலியோவின் அளவுகோலை அதே அளவுகோலால் நியாயப்படுத்தினால் அது சுற்றிவளைத்த வாதம். பெல்லார்மின் முற்றிலும் வேறு முறையில் வாழ்ந்தவர் அல்ல என்கிறார் போகோசியன். மழை பெய்கிறதா என்று அறிய அவரும் கண்ணைத்தான் நம்பினார். வானத்துக்கு மட்டும் ஏன் தனி விதி என்று அவரைக் கேட்கலாம். இதுவரை வலுவான வாதம். அடுத்த படி, சந்தேகிக்கத் தக்க காரணம் எழாதவரை அவரவர் முறையை நம்பி நடக்க அவரவருக்கு உரிமை உண்டு என்பது. அந்த உரிமையைப் பெல்லார்மினும் கேட்பாரே? இந்த இடத்தில் நூல் அவசரப்படுகிறது என்பது என் எண்ணம். நீங்கள் எதிர்த்தரப்பில் ஆஜரானால் இந்தப் பக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி (கருங்கல்): மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்தான் உலகிலேயே ருசி என்கிறேன் நான். என் மதுரை மருமகள் இல்லை என்கிறாள். இதிலும் ஒருவர்தான் சரியா?

இங்கே சார்புவாதத்துக்கு இடம் இருக்கிறது, அம்மா. ருசி பற்றிய பேச்சில் ஒரு கூற்று உண்மையா என்பது அதை மதிப்பிடுபவரைப் பொறுத்தது என்று மெய்யியலாளர் ஜான் மக்ஃபார்லேன் 2014இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இருவரும் தவறு செய்யாமலே முரண்படலாமா என்பது இன்றும் நடக்கும் சண்டை. ஆனால் கறியில் உப்பு போட மறந்துவிட்டு மருமகள் நாக்கைக் குறை சொன்னால், அதற்கு மக்ஃபார்லேன் துணைக்கு வரமாட்டார்.