கசியாத கருப்பட்டி

கேள்வி: சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பெரிய பெரிய கடைகளில் கருப்பட்டி, பனையோலைப் பெட்டி, கல்லுப்பு எல்லாம் நம்ம ஊர் விலையைப்போல இரண்டு மடங்குக்கு விற்கிறது. ஜனங்களும் ஆசையாக வாங்குகிறார்கள். பனைத் தொழிலுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சொல்லலாமா?
– வாசகர் ஒருவர், சாயல்குடி

பதில்: சாயல்குடியில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! நரிப்பையூர் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, மரத்திலிருந்து இறங்குகிறவரிடம் “உங்க மகன் பனை ஏறுறாராண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் சுடச்சுடக் கிடைத்திருக்கும்.

நல்ல காலம் பிறந்தது நிஜம்தான், கடைக்காரருக்கு. கல்லுப்பை விட்டுவிடுவோம், வாலிநோக்கத்து உப்பு அதே உப்புதான், கண்ணாடி ஜாடி மட்டும்தான் புதுசு. கருப்பட்டி கதை வேறு. காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளையைச் சீவிவிட வேண்டும். காய்ச்சல் என்று சில நாள் படுத்துவிட்டால் பாளை காய்ந்துபோகும். பாளையிலிருந்து சொட்டுகிற பதநீரைப் பிடிக்கிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு 1987-லிருந்து தடை இருப்பதால் அது போலீஸ் விவகாரமாகவும் ஆகிவிடும். எட்டுப் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கருவேல விறகுப் புகையில் நின்று கிண்டி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றுவதுவரை அவர்கள் பாடு. அதற்குக் கூலி என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை.

இப்படி வருகிற கருப்பட்டி ஒருநாள் கறுப்பாக இருக்கும், ஒருநாள் செம்பழுப்பாக இருக்கும். மேலே சிரட்டையின் வரி விழுந்திருக்கும். நாக்கில் லேசாகச் சுண்ணாம்புக் கரிப்பு தெரியும். மழைக்காலம் வந்தால் ஈரத்தை இழுத்துக் கசியும். அதற்காகத்தான் நம் பாட்டிமார் ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். புகை பட்டுப் பட்டு ஆண்டு முழுக்க இருந்தது. சென்னை அபார்ட்மெண்டில் பரணும் இல்லை, புகையும் இல்லை. புகை வந்தால் அலாரம் அடிக்கும்.

ஐப்பசியில் டப்பாவைத் திறந்து பார்க்கிற அம்மணி, “கெட்டுப்போச்சு” என்று கடையில் திருப்பிக் கொடுக்கிறார். கடைக்காரர் வியாபாரிக்கு போன் போடுகிறார்: கசியக்கூடாது, ஒரே நிறமாக இருக்கணும், ஒரே எடையாக இருக்கணும். வியாபாரிக்கு வழி தெரியாதா? சீனியைக் கலந்தால் கெட்டியாகவும் இருக்கும், பளபளப்பாகவும் இருக்கும், செலவும் குறையும். அட்டைப்பெட்டியில் பனைமரப் படம் ஒன்றைப் போட்டால் முடிந்தது. சீனி கலக்காமல் காய்ச்சியவரின் சரக்கு “பார்வையா இல்லியே” என்று தரம் குறைத்து எடுக்கப்படுகிறது. கலப்படக்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கையால் செய்தது வேண்டும், அது மிஷினில் செய்ததுபோல் இருக்கவும் வேண்டும் என்று கேட்கிற ருசிதான் அவருக்குக் கடை போட்டுக் கொடுத்திருக்கிறது.

ஓலைப் பெட்டியிலும் இதே கூத்துதான். கல்யாணத் தாம்பூலத்துக்கு ஐநூறு பெட்டி, பத்தே நாளில், அதுவும் கார்த்திகையில் வேண்டும் என்று ஆர்டர் வருகிறது. குருத்தோலையை வெட்டி வெயிலில் காயப்போட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்துத்தான் முடையத் தொடங்க முடியும். மழையில் காயவைத்தால் ஓலை கறுத்துப் பூசணம் பிடிக்கும். அவசரம் என்று ஒரே மரத்தில் குருத்தை வெட்டிக்கொண்டே போனால் மரம் நொந்துபோகும். இவ்வளவும் செய்து கொடுத்த பெட்டி, பாக்கு தீர்ந்த மறுநாள் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது.

சரி, இரண்டு மடங்கு விலையில் கொஞ்சமாவது பனையேறிக்கு வராதா என்பீர்கள். சீசன் தொடங்குமுன் குடும்பச் செலவுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் சொல்கிற விலைக்குத்தான் சரக்கைப் போட்டாக வேண்டும். சென்னையில் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? அவருடைய விலை முன்பணம் வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது.

அரசும் சும்மா இருக்கவில்லை. செங்கல் சூளைக்கு மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, 2021-இல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். விதை நடுகிறோம் என்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள், நடட்டும். இன்று நட்ட கொட்டை பாளை விட ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆகும். அன்றைக்கு ஏறுவதற்கு ஆள் வேண்டுமே! நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பார்த்துவிட்டு, எதற்கெடுத்தாலும் முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். முத்திரை மரம் ஏறாது.

நகரத்தார் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்காவிட்டால் இருக்கிற பனை விளையும், அதாவது பனந்தோப்பும், சீமைக்கருவேலங்காடாகிவிடும். உங்கள் மகனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், அவர் குடியிருப்பில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொள்ளட்டும். தை பிறந்ததும் அந்த முன்பணத்தை இவர்களே கொடுக்கட்டும். வைகாசியில் ஊருக்கு வரும்போது விளையிலேயே சரக்கை எடுத்துக்கொண்டு, அன்றைய விலையில் மீதியைத் தீர்த்துவிடலாம். இடையில் நின்று பேச ஆள் வேண்டும்தான். நீங்கள் உள்ளூரில்தானே இருக்கிறீர்கள்?