‘அமர்ந்திருந்து’ என்றால் உட்கார்வதா? ஒரே வசனத்தை ஆழமாகப் படிக்கும் வழி

கேள்வி: வேதாகமத்தின் சங்கீதம் 46:10 எனக்கு மனப்பாடம். ஆனால் ‘அமைதியாக இரு’ என்பதற்கு மேல் அதில் எதுவும் புலப்படவில்லை. அதன் மூலமொழியான எபிரெயமும் தெரியாது. ஒரு வசனத்தை எப்படித் தோண்டிப் படிப்பது?

பதில்: மனப்பாடம்தான் இங்கே முதல் இடைஞ்சல். தெரிந்த வரியை நாம் வாசிப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறோம். ஆகவே கையால் எழுதுங்கள், தொடருக்கு ஒரு வரி வீதம்:

நீங்கள் அமர்ந்திருந்து,
நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்;
ஜாதிகளுக்குள்ளே உயர்ந்திருப்பேன்,
பூமியிலே உயர்ந்திருப்பேன்.

வாழ்த்து அட்டைகளில் பெரும்பாலும் முதல் இரண்டு வரியோடு முடிந்துவிடும். மூன்றாம் வரியைச் சேர்த்துப் பார்த்ததுமே ‘தனியறை அமைதி’ என்ற எண்ணம் ஆட்டம் காண்கிறது. ஜாதிகள் இங்கே எதற்கு வந்தன?

அகராதியை இப்போதே திறக்க வேண்டாம். சங்கீதம் முழுவதும் 11 வசனம்தான். மூன்று முறை வாய்விட்டு வாசியுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை, பேசுகிறவர் யார் என்று ஓரத்தில் குறியுங்கள். ‘நாம்’, ‘அவர்’ என்றே போய்க்கொண்டிருந்த பாட்டு 10-ஆம் வசனத்தில் மட்டும் ‘நான்’ என்று மாறும். தேவனே பேசுகிற இடம் இது ஒன்றுதான். மூன்றாம் முறை, திரும்ப வரும் சொற்களைக் கோடிடுங்கள். 3-இல் ஜலங்கள் கொந்தளிக்கின்றன, 6-இல் ஜாதிகள் கொந்தளிக்கின்றன. எபிரெயத்திலும் இரண்டும் ஒரே வினைதான். அந்த 6-ஆம் வசனத்தில் ‘ஜாதிகள்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘ராஜ்யங்கள்’ நிற்கிறது. இன்றைய பேச்சுவழக்கில் நமக்குத் தோன்றும் சாதி அல்ல, பழைய மொழிபெயர்ப்பில் இச்சொல் தேசத்தாரைக் குறிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி 9-ஆம் வசனம். யுத்தங்கள் ஓய்கின்றன, வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, இரதங்கள் எரிகின்றன. இந்தப் போர்க்களத்தின் நடுவில்தான் ‘அமர்ந்திருந்து’ என்ற கட்டளை விழுகிறது.

இப்போது மூலச்சொல்லுக்குப் போகலாம். இதற்கு எபிரெயப் புலமை தேவையில்லை, ஸ்ட்ராங் எண் (மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த அடையாள எண்) போட்ட வேதாகமச் செயலி போதும். ‘அமர்ந்திருந்து’ என்பதன் எண் 7503, ‘ராஃபா’ என்ற வினை. தளர்த்து, விட்டுவிடு என்பது அதன் அடிப்படை. அச்சிட்ட எபிரெய வேதாகமத்தில் தேடினால் ஒரு சிக்கல் வரும்: சங்கீதத்தின் தலைப்பையே அங்கே முதல் வசனமாக எண்ணுவார்கள், ஆகவே நம்முடைய 10 அங்கே 11.

ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் தமிழ் ஒத்தவாக்கிய அகராதியில் ‘அமர்ந்து’ என்று தேடிப் பயனில்லை. அது தமிழ்ச் சொல்லைத்தான் காட்டும். ஒரே எபிரெயச் சொல்லுக்குத் தமிழில் பல முகங்கள். எண்ணை வைத்துத் தேடினால் கிடைப்பதைப் பாருங்கள். சங்கீதம் 37:8-இல் ‘கோபத்தை நெகிழ்ந்து’. 1 சாமுவேல் 15:16-இல் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சவுலைச் சாமுவேல் இதே வினையால்தான் நிறுத்துகிறார்: போதும், விடும். யோசுவா 10:6-இல் கிபியோனியர் ‘கைவிடாமல்’ வரும்படி கெஞ்சுகிறார்கள். மூலத்தில் அது ‘உம்முடைய கையைத் தளரவிடாதேயும்’.

ஆக, பிடித்திருப்பதை விடுங்கள் என்பதே இங்கே நெருங்கிய பொருள். முந்தின வசனத்தில் வில்லும் ஈட்டியும் இருக்க, எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவும் முடியாது: புயல் அமர்ந்தது, கோபம் அமர்ந்தது என்கிறோமே, அந்த அடங்குதல் இந்தச் சொல்லில் இருக்கிறது. நாற்காலியை நினைத்தது நாம்.

இலக்கணத்தையும் ஒரு கண் பாருங்கள். மூலத்தில் ‘விடுங்கள்’, ‘அறிந்துகொள்ளுங்கள்’ என்று இரண்டு தனிக் கட்டளைகள். தமிழில் முதலாவது வினையெச்சமாகி இரண்டாவதோடு ஒட்டிக்கொண்டது, அதனால் அதன் அதட்டல் குறைந்துவிட்டது. இரண்டுமே பன்மை; ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாத இதைத் தமிழில் ‘நீங்கள்’ காட்டிக்கொடுக்கிறது.

அதிகம் பேர் தவறுவது இதற்குப் பிறகுதான். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஆறு பொருள் இருந்தால் ஆறையும் வசனத்துக்குள் திணிப்பார்கள். ‘படி’ என்ற சொல் மாடிப்படியாகவும் படிப்பாகவும் அளக்கும் படியாகவும் வரும். ‘பாடம் படி’ என்னும்போது மற்ற இரண்டும் வெளியேதான் நிற்கும். எரேமியா 6:24-இல் இதே ராஃபா, பயத்தில் கைகள் தளர்ந்ததைச் சொல்கிறது. அந்தப் பயத்தை இங்கே இழுத்து வரக்கூடாது. அங்கே கை தானாகத் தளர்கிறது, இங்கே வேண்டுமென்றே விடச் சொல்கிறது; வினையின் வடிவமே வேறு. செயலியில் எண் ஒன்றாக இருந்தாலும் ‘கால்’ (எரேமியாவில் வரும் அடிப்படை வடிவம்), ‘ஹிஃபில்’ (இந்தச் சங்கீதத்தில் வரும் வடிவம்) என்ற எபிரெய வினைவடிவக் குறிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கவுரையை இதற்குப் பிறகு திறங்கள், அதுவும் ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு. இந்த வசனத்துக்கு அந்தக் கேள்வி: ‘நீங்கள்’ யார்? போரிடும் தேசத்தாரை அதட்டுகிறார் என்பவர்களும் உண்டு, நடுங்கும் தம் ஜனத்தைத் தேற்றுகிறார் என்பவர்களும் உண்டு. 9-ஆம் வசனமும் ‘ஜாதிகளுக்குள்ளே’ என்ற வரியும் முதல் கருத்தின் பக்கம் சாய்கின்றன. 7-இலும் 11-இலும் வரும் ‘நம்மோடிருக்கிறார்’ என்ற பல்லவி இரண்டாவதன் பக்கம். எங்கள் கணக்கில் முதலாவதற்கே எடை கூடுதல். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், வசனத்தை உங்கள் சொந்த நடையில் இரண்டே வாக்கியமாக எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதற்குச் சான்றான வசன எண்ணைப் போடுங்கள். எண் போட முடியாத சொல்லை அடித்துவிடுங்கள்.