மல்கோவாவும் மோர்மிளகாயும் (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் சேலம் அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பின் சென்னையில் இருக்கிறேன். மல்கோவாப் பழத்தைத் தயிர்சாதத்தில் பிசைந்து, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவது எனக்குச் சிறுவயது முதலே பிடிக்கும். புகுந்த வீட்டில் முதலில் சிரித்தார்கள், பிறகு "என்ன, மசக்கையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இப்போது எல்லோரும் உண்டு முடித்தபின் தனியாகச் சாப்பிடுகிறேன். எங்கள் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டைப் பற்றிச் சொன்னால், அதில் பீட்ரூட் துருவலா என்று கணவரும் கேலி செய்கிறார். இப்படிப்பட்ட சேர்க்கைகளுக்கு அறிவியல் அடிப்படை உண்டா? இருந்தால் மாமியாரிடம் காட்டலாம் என்று நினைக்கிறேன். மாம்பழம் சூடு என்பது உண்மையா? என் நான்கு வயது மகள் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்கிறாள். அதைத் தடுக்க வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

"எல்லோரும் உண்டு முடித்தபின் தனியாக" என்ற வரி இல்லாவிட்டால் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். சூடு, குளிர்ச்சி பற்றிய கேள்விகளை நான் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. தயிர்சாதத்துக்கு மாம்பழம் தொட்டுக்கொள்வதும் தமிழ்நாட்டில் புதிய செய்தி அல்ல. தொட்டுக்கொண்டால் சரி, பிசைந்தால் தவறு என்று உங்கள் புகுந்த வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது போலும்.

அந்த "மசக்கையா?" என்ற கேள்வியைப் பற்றித்தான் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் ஆண்களின் நாக்குக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு. தாத்தாவுக்குக் குழம்பில் புளி தூக்கலாக இருக்கக் கூடாது, மாமாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது, அண்ணன் ரசம் கொதித்துவிட்டால் தொடமாட்டான் என்பதெல்லாம் அடுக்களையில் எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றை யாரும் விசித்திரம் என்று சொல்வதில்லை. பெண்ணுக்கும் அப்படித் தனக்கென்று ஒரு ருசி இருக்கலாம் என்பதை வீடு ஒப்புக்கொள்வது அவள் கருவுற்றிருக்கும் சில மாதங்களில் மட்டுமே. அப்போது அவள் மாங்காய் கேட்கலாம், சாம்பல்கூடத் தின்னலாம். ஆனால் அதையும் அவள் கேட்டதாக வைத்துக்கொள்வதில்லை, வயிற்றிலிருக்கும் பிள்ளை கேட்டதாகவே சொல்வார்கள். பிள்ளை பிறந்தவுடன் அந்த அனுமதி முடிந்துபோகும். பிறகு அவள் எதையாவது விரும்பிச் சாப்பிட்டால், அதற்கு வேறு காரணம் இருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றாது.

என் பெரியப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். அரைப்பரீட்சை விடுமுறைக்கு நாங்கள் அங்கே போவோம். காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளில் சரங்கள் இன்னும் பச்சையாகத் தொங்கும், ஆரஞ்சும் அப்போதுதான் வந்திருக்கும். ஆண்கள் தோட்டத்துக்குக் கிளம்பிப் போனபின் பெரியம்மா பின்கட்டில் உட்கார்ந்து, கல்லுப்பையும் பச்சை மிளகையும் அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டி, ஆரஞ்சுச் சுளையைத் தோலோடு அதில் ஒற்றிச் சாப்பிடுவார். எனக்கும் பங்கு கிடைக்கும். முதலில் உப்பும் காரமும் சுரீரென்று ஏறும், கடித்தபின் வரும் சாறு முன்பிருந்ததைவிட இனிப்பாக இருக்கும். ஒருநாள் பெரியப்பா எதையோ மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தவர், இதைப் பார்த்து, "இந்த வயசுலயும் மசக்கையா உனக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா கெட்டவர் அல்லர். தான் என்ன கேட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. பெரியம்மா கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார். அந்த விடுமுறையில் அதன்பின் அம்மியில் பச்சை மிளகு தட்டப்படவில்லை.

அறிவியல் கேட்டீர்கள். உப்பு கசப்பை அடக்குகிறது, கசப்பு அடங்குவதால் மற்றச் சுவைகள் மேலெழுகின்றன என்று பிரெஸ்லின், பீச்சம் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் எழுதினார்கள். சுளைத் தோலின் கசப்பு பெரியம்மாவின் கல்லுப்பில் அடங்கியது இப்படித்தான். ஆரஞ்சுத் தோலின் மணத்துக்கு முதற்காரணமான லிமோனீன் மிளகின் மணத்திலும் உண்டு. உங்கள் மோர்மிளகாயின் காரத்தைத் தயிரிலுள்ள கேசீன் என்னும் புரதம் நாக்கிலிருந்து கழுவிக்கொண்டு போகிறது. மணப்பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் பண்டங்களே ஒன்றோடொன்று பொருந்தும் என்று மேற்கில் ஒரு கொள்கை இருக்கிறது. 2011இல் 56,498 சமையல் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், அது வட அமெரிக்க, மேற்கு ஐரோப்பியச் சமையலுக்குப் பொருந்துவதையும் கிழக்காசியச் சமையலுக்குப் பொருந்தாததையும் கண்டார்கள். 2015இல் ஜோத்பூர் ஐஐடியைச் சேர்ந்தவர்கள் 2,543 இந்தியக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, நாம் மணத்தில் ஒட்டாதவற்றையே பெரும்பாலும் சேர்த்துச் சமைக்கிறோம் என்றும் அதில் மசாலாப் பொருள்களின் பங்கு பெரிது என்றும் தெரிந்தது. ஆகவே ஒட்டினாலும் ஒரு விதி கிடைக்கும், ஒட்டாவிட்டாலும் ஒரு விதி கிடைக்கும்.

இதை அச்செடுத்து மாமியாரிடம் காட்டப் போகிறீர்களா? தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். நாளைக்கு வேறொரு ஆய்வாளர் மாற்றிச் சொன்னால் மல்கோவாவை விட்டுவிடுவீர்களா? மசக்கை என்ற அனுமதி இல்லாததால் அறிவியலிடம் போய் அனுமதி கேட்கிறீர்கள். படித்த பெண் செய்கிற காரியமா இது? உங்கள் வீட்டில் யாராவது ஓர் ஆண் தனக்குப் பிடித்த பண்டத்துக்கு ஆதாரம் காட்டிவிட்டுச் சாப்பிட்டதுண்டா?

உங்கள் கணவருக்கு மட்டும் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் சீண்டியிருப்பது சேலத்தை. தட்டுவடை செட்டை அவர் சென்னையில் யாரோ செய்த நகலில் சாப்பிட்டிருக்கக் கூடும். உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு சிறிய தட்டுவடைகள். ஒன்றின்மேல் புதினா, கொத்தமல்லிப் பச்சைச் சட்னி. அதன்மேல் பீட்ரூட், கேரட் துருவல், பொடியாக நறுக்கிய வெங்காயம். காரச் சட்னி தடவிய மற்றொன்றை மேலே கவிழ்க்க வேண்டும். கட்டியவுடன் வாயில் போட வேண்டும், பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் நமத்துவிடும். பீட்ரூட்டின் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள், மழை பெய்த மண்ணில் நாம் முகர்வதும் அதையேதான். புளிப்புப் பட்டால் அது தணிந்துவிடும். மண்வாடை தணிந்தபின் எஞ்சும் இனிப்புதான் காரச் சட்னியைத் தாங்குகிறது. பீட்ரூட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காரமும் மொறுமொறுப்பும் மட்டுமே, அதற்குத் தட்டுவடையைத் தனியாகவே கடித்துவிட்டுப் போகலாம். பீட்ரூட் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது அவருடைய அடுத்த வாதமாக இருந்தால், மிளகாயும் போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்று சொல்லுங்கள். ஏற்காட்டுக் காப்பியே 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டது. அண்மையில் சில கடைகளில் தட்டுவடை செட்டின்மேல் சீஸ் துருவிப் போடுகிறார்கள். புதிது என்பதால் அதை நான் வெறுக்கவில்லை. அந்தக் கொழுப்பு நாக்கில் படிந்தபின் புதினாவும் தெரிவதில்லை, பீட்ரூட்டும் தெரிவதில்லை. கேலி செய்ய விருப்பமிருந்தால் அவர் அதைக் கேலி செய்யட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மகளைப் பற்றிக் கேட்டதற்குத்தான் உங்கள்மீது உண்மையாகவே கோபம் வருகிறது. கல்யாணப் பந்தியில் நரைத்த தலைகள் எல்லாம் செய்வதைத்தான் அந்தக் குழந்தை செய்கிறாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழை முதன்முதலில் ஊட்டியபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தார்கள் என்று ஜூலி மெனெல்லா என்ற ஆய்வாளரின் குழு 2001இல் எழுதியது. ஆகவே அவளுடைய ருசியில் ஒரு பங்கு உங்களிடமிருந்து போனதாகவே இருக்கலாம். நீங்கள் மறைவில் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் யோசியுங்கள். மல்கோவா ஆடி வரை கிடைக்கும். மற்றவர்கள் உட்காரும்போதே நீங்களும் உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிசைந்து சாப்பிடுங்கள். யாராவது மசக்கையா என்று கேட்டால், "இல்லை, பிடிக்கும்" என்று சொல்லுங்கள், அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். மோர்மிளகாயை மட்டும் குழந்தைக்கு இப்போது பழக்காதீர்கள். நான்கு வயதுக்கு அது அதிகம்.

அன்புடன்.