குறட்டை விடும் பிள்ளைக்கு வாயில் கிளிப் போடலாமா?

கேள்வி: ஆறு வயது மகன் தினமும் குறட்டை விடுகிறான். வாயைத் திறந்தபடியேதான் தூங்குவான். பல் டாக்டரிடம் கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். போடலாமா டாக்டர்?

பதில்: பல் டாக்டரான நானே சொல்கிறேன், முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வயதில் தூக்கத்தில் மூச்சு அடைபடப் பெரும்பாலும் காரணம் பெருத்த டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும்தான். சதை வழியை மறித்து நிற்கும்போது பல்லில் எதை மாட்டி என்ன பயன்?

போவதற்கு முன், அவன் நன்றாகத் தூங்கியதும் சட்டையைக் கழற்றிவிட்டு, முகமும் நெஞ்சும் தெரிய இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குழிகிறதா, குறட்டை சட்டென்று நின்று, சில நொடி கழித்து ஒரு கேவலோடு மறுபடி தொடங்குகிறதா என்பது அதில் தெரியும். படுக்கையை நனைக்கிறானா, தலையணை ஈரமாகும் அளவுக்கு வியர்க்கிறதா என்பதையும் சொல்லுங்கள். தூக்கம் கெட்டால் பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் பல நேரம் ஆட்டம் போடுவார்கள். உறுதி செய்வது ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை. பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவை வரை மூச்சு தடைபட்டால் விட்டுவிடுவோம். குழந்தைக்கு 1 தாண்டினாலே கணக்கில் எடுப்போம்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுத்தாயிற்று. குறட்டை குறைந்ததே தவிர நிற்கவில்லை. மேலண்ணம் குறுகல், சாவி போட்டுத் திருப்பும் பிளேட் வைக்கலாம் என்கிறார்கள். வலிக்குமா?

பதில்: பிளேட்டுக்கு ஏற்ற குழந்தை என்றால் உங்கள் மகளைப் போன்றவள்தான். மேலண்ணம் என்பது வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. அதன் நடுவில் ஓடும் எலும்பு இணைப்பு இந்த வயதில் இறுகியிருக்காது. கடைவாய்ப் பற்களில் பிளேட்டை ஒட்டி, நடுவிலுள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால் இணைப்பு மெல்ல விலகும், மூக்கின் உள்வழியும் அகலமாகும். ஒரு திருப்புக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு திருப்பு, இரண்டு மூன்று வாரம். விலகிய இடத்தில் எலும்பு நிரம்ப, அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஆறு மாதம் பிளேட் வாயிலேயே இருக்கும்.

திருப்பப்போவது நீங்கள்தான். சாவியில் நீளமான நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். கை நழுவினால் தொண்டைக்குள் போய்விடக் கூடாது. துளையில் சாவியைச் செருகி, அடுத்த துளை கண்ணில் படும்வரை தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். மூக்குத்தண்டில் அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்பாள், சில நிமிடத்தில் போய்விடும். சில நாள் பேச்சு குழறும். கடலை மிட்டாய், முறுக்கு வேண்டாம்.

இன்னொன்று. சில நாட்களில் முன்பற்கள் நடுவே இடைவெளி விழும். அழகான பல்லைக் கெடுத்துவிட்டீர்களே என்று பாட்டிமார்கள் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். எலும்பு விலகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். முடிந்ததும் தூக்கப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குறட்டைச் சத்தம் நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: குறட்டையே இல்லாத பிள்ளைக்கு முன்னெச்சரிக்கையாக இதைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் சொல்கிறது. அண்ணம் உண்மையிலேயே குறுகலாக இருந்தால் மட்டும் விரிக்கலாம்.

கேள்வி: 12 வயதுப் பையனுக்குக் கீழ்த்தாடை உள்ளே போயிருக்கிறது. தூக்கத்தில் மூச்சுத்தடை இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. இவனுக்கும் அதே பிளேட்டா?

பதில்: இல்லை. இவனுக்கு ட்வின் பிளாக் மாதிரியான கருவி பொருந்தலாம். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டிலும் சரிவான கட்டைகள். கடித்தால் கீழ்த்தாடை முன்னால் வந்துதான் ஆகவேண்டும். கூடவே நாக்கும் முன்னே வந்து தொண்டைக்கு இடம்விடும். வளர்த்தி வேகமெடுக்கும் வயது இது, தள்ளிப்போடாதீர்கள். ஆனால் உடல் எடை மிக அதிகமென்றால் இது மட்டும் போதாது. எடை குறைய வேண்டும், சிலருக்கு, தூங்கும்போது காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் மாஸ்க்கும் தேவைப்படும்.

கேள்வி: வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் பிளேட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே? வாயில் டேப் ஒட்டலாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: அந்த பிளேட் பெரியவர்களுக்கானது. பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வாயில் அது எப்படிப் பொருந்தும்? டேப்பைத் தொடவே தொடாதீர்கள். மூக்கு அடைத்ததால்தான் பிள்ளை வாயைத் திறக்கிறது.