டூரியனின் முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாஸ் எஃபெக்ட் என்ற கணினி விளையாட்டில் வரும் வேற்றுலகத்தாரின் கால்களைப் பற்றி எங்கள் நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. அதில் ஓர் இனமான டூரியன்களுக்கு முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்கிறது ஒரு கூட்டம். அது முழங்காலே அல்ல, நாயைப் போல விரலில் நடக்கிறார்கள் என்கிறது இன்னொரு கூட்டம். கெண்டைக்காலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்தான் டூரியனின் குதிகால் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்னோர் இனமான குவாரியன்களுக்கு எலும்பே வளைந்திருக்கிறது, கூடுதல் மூட்டு கிடையாது என்று வேறொருவர். எங்களில் இரண்டு பேர் வரைபவர்கள், ஒருவர் டூரியன் வேடத்துக்குக் கால் செய்துகொண்டிருக்கிறார். ஆளுக்கொரு இடத்தில் மூட்டை வைக்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? இப்படி ஒரு கால் உண்மையிலேயே உடல் எடையைத் தாங்குமா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

இடுப்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணுங்கள். பாதிக்காலில் எண்ணத் தொடங்குவதால்தான் இந்தச் சண்டை முளைக்கிறது. பாலூட்டியோ பறவையோ, பின்னங்காலின் வரிசை மாறுவதில்லை. இடுப்பு மூட்டு, தொடை எலும்பு, முழங்கால், கீழ்க்கால் எலும்பு, கணுக்கால், பாத எலும்புகள், விரல்கள். முழங்கால் முன்னால் துருத்தும், கணுக்காலும் குதிகாலும் பின்னால் துருத்தும். மனிதன் குதிகாலிலிருந்து விரல்நுனி வரை தரையில் பதிக்கிறான். நாயும் பூனையும் குதிகாலைத் தூக்கிவிட்டு விரல்களில் நிற்கின்றன. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில், அதன் குளம்பில் நிற்கிறது. பூநாரையின் காலில் நடுவே பின்பக்கமாக மடங்குவது கணுக்கால். அதன் முழங்கால் உடலை ஒட்டி, இறகுக்குள் மறைந்திருக்கிறது.

டூரியனின் காலை இப்படி எண்ணினால் விடை உடனே கிடைக்கும். விளையாட்டில் வரும் டூரியனான காரஸைப் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே முதலில் வரும் மூட்டு, மனிதனுக்கு இருப்பதுபோலவே முன்னால் துருத்துகிறது. அதுதான் முழங்கால். அதற்குக் கீழே பின்னால் துருத்தும் இரண்டாவது மூட்டு கணுக்கால். உங்கள் முதல் கூட்டம் ஒரே காலில் இரண்டு முழங்கால் கேட்கிறது. இரண்டாவது கூட்டம் சொல்வதுதான் சரி.

முழங்காலே பின்னோக்கிய விலங்கு கிடையாதா என்று அடுத்த கேள்வி வரும். உண்டு, வௌவால். அதன் இடுப்பு மூட்டு திரும்பியிருப்பதால் தொடை முழுவதும் சுழன்று முழங்கால் பின்பக்கம் பார்க்கிறது, பாதமும் கூடவே திரும்பிவிடுகிறது. தலைகீழாகத் தொங்கவும் சிறகுச் சவ்வை இழுத்துப் பிடிக்கவும் அது வசதி. ஆகவே பின்னோக்கிய முழங்கால் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், பாதமும் பின்னோக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். டூரியனின் விரல்கள் முன்னோக்கித்தான் இருக்கின்றன.

இனி, கெண்டைக்காலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கூர். குதிகால் என்பது ஒரு நெம்புகோல். கணுக்காலுக்குப் பின்னால் நீளும் அந்த எலும்பு பாதத்தைச் சேர்ந்தது. கெண்டைத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதன் முனையில் வந்து சேர்ந்து மேலே இழுக்கிறது, பாதம் கீழே அழுந்துகிறது. எனவே ஒரு கூர் குதிகாலாக இருக்க இரண்டு நிபந்தனைகள். கணுக்கால் மடங்கும்போது அது பாதத்தோடு சேர்ந்து நகர வேண்டும். தசைநாண் அதன் முனைக்குப் போக வேண்டும். உங்கள் நண்பர் நடக்கும் காட்சியை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்க்கட்டும். கூர் கீழ்க்காலோடு ஒட்டியே நின்றால் அது குதிகால் ஆகாது. பாதத்தோடு நகர்ந்தாலும், அதன் முனை தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. தசைநாண் வந்து சேரும் முனை தோலுக்குள்தான் இருக்கும். சேவலின் காலில் இருக்கும் முள்ளும் இப்படித்தான், உள்ளே எலும்பு, மேலே கொம்புப் பொருளாலான உறை, எந்தத் தசையும் அதை இழுப்பதில்லை. டூரியனின் கூர்முனையையும் நான் அந்த வகையிலேயே சேர்ப்பேன்.

எடை தாங்குமா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, வரைபவர்களுக்கும் அதுதான் உதவும். 180 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதனுக்குத் தொடை ஏறத்தாழ 44 செ.மீ., கீழ்க்கால் 44 செ.மீ., கணுக்கால் தரையிலிருந்து 7 செ.மீ. உயரம். மொத்தம் 95. விரல்நடைக்கு மாற்றும்போது பலர் இந்த அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு குதிகாலை மட்டும் தூக்கிவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது நுனிக்காலில் நிற்கும் மனிதன்தான். பாத எலும்புகள் நீள வேண்டும், தொடையும் கீழ்க்காலும் அதற்கேற்பக் கொஞ்சம் குறுக வேண்டும்.

இந்த அளவுகளைத் தாளில் போட்டுப் பாருங்கள். தொடை 40 செ.மீ., செங்குத்திலிருந்து 20 பாகை முன்னால் சாய்வு. கீழ்க்கால் 40 செ.மீ., 40 பாகை பின்னால். பாத எலும்புகள் 30 செ.மீ., 15 பாகை முன்னால். விரல்கள் 12 செ.மீ., தரையில் கிடையாக. கூட்டினால் இடுப்பு 97 செ.மீ. உயரத்தில் வரும், கணுக்கால் 29 செ.மீ. உயரத்தில். இடுப்பிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் அது விரல்களின் அடிமூட்டுக்கு 4 செ.மீ. முன்னால், அதாவது விரல்நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் விழும். நிமிர்ந்த உடலுக்கு அந்த இடம் சரி. நூல் விரல்களுக்குப் பின்னால் விழுந்தால் உருவம் மல்லாந்து விழும், நுனியைத் தாண்டி விழுந்தால் குப்புற விழும். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு இது உறுத்தும், ஏன் என்று மட்டும் அவரால் சொல்ல முடியாது.

அதிகம் நடக்கும் பிழை நெருப்புக்கோழியின் காலை அப்படியே எடுத்து நிமிர்ந்த உடலுக்குக் கீழே ஒட்டுவது. பறவையின் உடல் கிடையாகக் கிடக்கிறது, அதன் எடை இடுப்புக்கு வெகுவாக முன்னால் விழுகிறது. அதனால்தான் தொடை எலும்பு ஏறக்குறையக் கிடையாக முன்னால் நீண்டு, பாதத்தை அந்த எடைக்கு நேர் கீழே கொண்டுபோகிறது. உடலை நிமிர்த்திவிட்டால் எடை இடுப்புக்கு மேலே வந்துவிடும், பாதம் மட்டும் முன்னால் தனியாக நிற்கும். காரஸ் நிமிர்ந்து நிற்கிறவர். தொடையும் ஓரளவு நிமிர்ந்தே ஆக வேண்டும்.

இனி விசை. மேலே சொன்ன நிலையில் கணுக்கால் தூக்குநூலுக்கு 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. 80 கிலோ உடல், இரண்டு கால், ஆகவே ஒவ்வொரு கணுக்காலிலும் சுமார் 47 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை. குதிகால் நெம்பு மனிதனுக்குப் போல 5 செ.மீ. என்றால் கெண்டைத் தசை ஒவ்வொரு காலிலும் 940 நியூட்டன் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முழு உடல் எடையைவிட அதிகம், அதுவும் சும்மா நிற்பதற்கு! மனிதன் நிற்கும்போது தூக்குநூல் கணுக்காலுக்குச் சுமார் 5 செ.மீ. முன்னால்தான் விழுகிறது, 400 நியூட்டனுக்குள் வேலை முடிந்துவிடும். முழங்காலை நேராக்கிப் பூட்டிக்கொள்ளவும் நம்மால் முடிகிறது. மடங்கிய முழங்காலோடு நிற்கும் உயிருக்கு அந்த வசதி இல்லை. மனிதர்களை முழங்காலை நன்றாக மடக்கியபடி ஓடவைத்து 1987இல் அளந்தபோது ஆக்சிஜன் செலவு 50 சதவீதம் வரை கூடியது.

அப்படியானால் டூரியனின் கால் நடக்காத காரியமா? இல்லை. இயற்கை இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறது. குதிகால் நெம்பை நீட்டுவது ஒன்று. 5 செ.மீ. 10 ஆனால் 940 நியூட்டன் 470 ஆகிவிடும். விரல்நடை உயிரின் கணுக்காலுக்குப் பின்னால் நல்ல முனைப்பாகக் குதிகால் எலும்பு தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மழுங்கலாக வரைந்தால் அந்தக் காலுக்கு வலு இல்லை. இன்னொரு வழி தசையை விட்டுவிட்டுத் தசைநாண்களாலும் எலும்புகளைப் பிணைக்கும் நார்களாலும் மூட்டைத் தாங்குவது. குதிரை நின்றபடி தூங்குவது இப்படித்தான். பூநாரை இதில் இன்னும் ஒரு படி மேலே. இறந்துபோன பூநாரையின் உடலையே ஒற்றைக் காலில் நிறுத்த முடிகிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது, தசை எதுவும் வேலை செய்யாமலே.

இதற்குப் பதிலாகக் கிடைக்கும் லாபம் ஓட்டம். நீண்ட பாதமும் நீண்ட தசைநாணும் ஒவ்வொரு அடியிலும் ஆற்றலைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். மனிதனின் குதிகால் தசைநாணே ஓடும்போது ஒரு அடியின் ஆற்றல் மாற்றத்தில் சுமார் 35 சதவீதத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. டூரியன் போன்ற காலுக்கு அது கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயம். நிற்பதில் நஷ்டம், ஓடுவதில் லாபம்.

குவாரியன்கள் வேறு கதை. அவர்களின் கீழ்க்கால் பின்னோக்கி வெகுவாக வளைந்தது என்றுதான் பொதுவாக விவரிக்கிறார்கள். விளையாட்டில் வரும் குவாரியனான டாலி எப்போதும் உடைக்குள்ளேயே இருப்பதால் எலும்பைப் பார்க்க வழியில்லை. ஆனால் சோதனை எளிது. மூட்டு என்றால் கோணம் மாறும், எலும்பு வளைவு என்றால் மாறாது. நிற்கும்போது ஒரு படம், குனிந்து பதுங்கும்போது ஒரு படம், இரண்டையும் பக்கவாட்டில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். முழங்காலுக்குக் கீழே வளைவு அச்சாகப் பொருந்தினால் அது எலும்பு. எனக்கு அது முனையில்லாத, வழுவழுப்பாக ஓடும் வளைவாகத்தான் தெரிகிறது. உங்கள் நண்பரின் கட்சிதான் நானும். ஒரு எச்சரிக்கை மட்டும். பல இனங்களுக்கு அசைவுக்கான ஒரே எலும்புக்கூட்டைப் போடுவது விளையாட்டுத் தயாரிப்பில் சாதாரணம். ஒரு சட்டகத்தில் கால் விநோதமாக முறுக்கிக்கொண்டது என்பதை யாரும் ஆதாரமாகக் கொண்டுவரக் கூடாது.

வளைந்த எலும்பு தாங்குமா என்றால், தாங்கும், ஆனால் விலை உண்டு. வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், உட்துளை 12 மில்லிமீட்டர் உள்ள குழாய் என்று எலும்பை எடுத்துக்கொள்வோம். நேராக இருந்தால் 80 கிலோ எடை அதில் சுமார் 2 மெகாபாஸ்கல் அழுத்தம் தரும். நடுவில் 4 செ.மீ. பின்னால் வளைத்தால் வளைவு விசையால் இன்னும் 21, 22 மெகாபாஸ்கல் சேரும். கிட்டத்தட்ட 11 மடங்கு. ஓடும்போது சுமை மூன்று மடங்கானால் 70ஐத் தொடும். எலும்பு அதில் ஒரேயடியாக முறியாது, தினம் தினம் ஓடினால் நுண்விரிசல் விழும். வெளிவிட்டத்தைக் கூட்டினால் சமாளிக்கலாம். நம்மூர் விலங்குகளின் நீளெலும்புகளும் முழுக்க நேரானவை அல்ல. லேசான வளைவு இருந்தால் எலும்பு எந்தப் பக்கம் வளையும் என்பது முன்கூட்டியே நிச்சயமாகிவிடுகிறது, அந்தப் பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் போதும் என்று ஆய்வாளர்கள் பெர்ட்ரமும் பீவனரும் 1988இல் வாதிட்டார்கள்.

எலும்பைவிடப் பெரிய சிக்கல் தசைக்கு. முழங்காலின் பின்புறத்திலிருந்து குதிகாலுக்குத் தசைநாண் நேர்கோட்டில் போக விரும்பும். அந்தக் கோடு கணுக்காலுக்கு 5 செ.மீ. பின்னால். எலும்பு அதே பக்கம் 4 செ.மீ. வளைந்து வந்தால் இடைவெளி போய்விடும், கெண்டைத் தசைக்கு இருக்க இடமில்லை, தசைநாண் எலும்பை உரசிக்கொண்டு ஓடும். தசை எலும்பின் இரு பக்கங்களுக்கும் பிரிந்து போக வேண்டும், தசைநாணுக்கு ஒரு பள்ளமும் வேண்டும். குவாரியன் காலை வரைகிறவர் கெண்டையைப் பின்னால் உருட்டி வரையாமல் பக்கவாட்டில் அகலமாக்கட்டும். முன்னாலிருந்து பார்த்தால் கால் தடிமனாகவும் பக்கவாட்டில் மெலிந்தும் தெரியும்.

வேடம் செய்கிறவருக்கு. போலிக் கணுக்காலை இடுப்பு உயரத்தில் 30 சதவீதத்தில் வையுங்கள். குதி 10 செ.மீ. உயர்ந்த காலணியில் இடுப்பு 105 செ.மீ. வந்தால் அது தரையிலிருந்து 31, 32 செ.மீ. நுரைத்திண்டை அதற்கு மேலே கெண்டைக்காலோடு கலக்கும்படி மெல்லச் சரித்துவிட்டு, கீழே மட்டும் சட்டென்று உள்ளே வெட்டுங்கள். வழக்கமாகச் செய்வது இதற்குத் தலைகீழ். திண்டைக் கெண்டையின் நடுவில் மேலே வைத்துக் கீழே சரிவாக இறக்குவார்கள், அப்போது வீங்கிய கெண்டையாகத்தான் தெரியும். தொடையின் முன்பக்கம் முழங்காலுக்குச் சற்று மேலே 3, 4 செ.மீ. திண்டு வைத்தால் தொடை முன்னால் சாய்ந்திருப்பதுபோல ஒரு தோற்றம் வரும், பின்பக்கத் திண்டை அவ்வளவு பெரிதாக்க வேண்டியிராது. உங்கள் நண்பரின் உண்மைக் கணுக்கால் மடங்கும் இடத்தில் திண்டு குறுக்கே போகக் கூடாது. அங்கே நீட்சித் துணியை மட்டும் விட்டு இரண்டு துண்டாகத் தையுங்கள். ஒரே துண்டாகத் தைத்தால் நடக்கும்போது திண்டு மேலேறி மூட்டு இடம் மாறிவிடும். படிக்கட்டில் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்.